அணிலுக்குத் தினைக்கதிர் வால்

மதகடிக் குளத்தங்கரையில் ஓர் அணில் ஒருநாள் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சத்தத்தில் நாவல் மரத்துக் கிளிகள் அலறிப் பறந்தன. பழங்கள் பொலபொலவென்று கொட்டின. குளத்து மீன்கள் தலையை நீட்டி, "யாருக்கு என்னாச்சு?" என்று கேட்டன. காரணம் தெரிந்தால் நீங்களும் சிரிப்பீர்கள்.

ஆனால் இப்போதே சிரிக்கக் கூடாது. முதலில் அந்த அணிலின் வாலைப் பூனை கடிக்க வேண்டும்.

அணிலின் பெயர் வரிச்சி. குளக்கரைப் புளியமரத்தில் அவளுடைய கூடு. கூட்டில் மூன்று குட்டிகள். பால் மறந்து, பழம் கேட்டுக் கத்துகிற வயசு. பழமோ அடுத்திருந்த நாவல் மரத்தில். இரண்டு மரத்துக்கும் நடுவே ஒரு நல்ல தாவல் தூரம். அந்த இடைவெளிக்குக் கீழே, நிழலில், ஒரு பூனை எப்போதும் தூங்கிக்கொண்டிருக்கும்.

அது தூங்கவே இல்லை என்பது ஒரு காலையில் தெரிந்தது. தவறி விழுந்த பழத்தை எடுக்க வரிச்சி தரையில் இறங்கினாள். லபக்!

வரிச்சி மரத்துக்கு வந்து சேர்ந்தாள். முக்கால் வால் வந்து சேரவில்லை.

"தூ! ஒரே முடி!" என்று பூனை வாலைத் துப்பிவிட்டு, வாய் கொப்பளிக்கக் குளத்துக்குப் போனது. அந்த நேரம் பார்த்து வரிச்சி இறங்கி ஓடினாள். தன் வாலைத் தானே பொறுக்கிக்கொண்டு மேலே ஏறினாள்.

"அம்மா, பழம்?" என்றன குட்டிகள்.

"இதோ வரேண்டா!"

வாலைக் கூட்டில் வைத்துவிட்டுத் தாவினாள். தாவுகிற அணிலுக்கு வால்தான் சுக்கான். அது இல்லாததால் வரிச்சி வலது பக்கம் போக நினைத்தாள். உடம்பு இடது பக்கம் போனது. தொபுக்!

"அம்மா, எங்க போன?"

"குளிக்கப் போனேன்டா!" என்று குளத்துக்குள்ளிருந்து பதில் வந்தது.

நனைந்து நடுங்கியபடி அவள் புளியமரத்தில் ஏறும்போது, பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பல்லி கூப்பிட்டது. அதன் பெயர் கௌளிமுத்து.

"ச்சு ச்சு! வரிச்சியக்கா! வால் போச்சா? இதுக்கா அழற? நம்ம குழுவுல சேருக்கா!"

"என்ன குழு தம்பி?"

"வாலிழந்தோர் குழு! அங்க இருக்கறவங்க எல்லாருக்குமே வால் போய் வந்திருக்கு. அனுபவஸ்தங்க! நீ கேட்டா போதும், கொட்டுவாங்க!"

குழு இருந்த இடம் சிலந்தி வலை. மரத்துக்கு மரம், கரைக்குக் கரை, சிலந்தி இழை இழுத்துக் கட்டியிருந்தது. உங்களுக்கென்று ஓர் இழை தருவார்கள். அதைத் தட்டிப் பேசினால் குளத்தைச் சுற்றி இருக்கிற எல்லாருக்கும் கேட்கும். வரிச்சி தன் இழையைத் தட்டினாள். டிங்!

உடனே ஒரு கனத்த குரல் மேடையேறியது. குழுத் தலைவர் தோகையப்பர், மயில்.

"அன்பார்ந்த வாலிழந்த நெஞ்சங்களே! நமது குடும்பத்துக்கு ஒரு புதிய கால்வாசி வால் வந்திருக்கிறது! வருக! வருக!"

"வருக அக்கா!"

"நல்வரவு!"

"காலை வணக்கம்!"

யாரோ ஒருவர் ஒரு தாமரைப் பூவை அனுப்பினார். எதற்கென்று யாருக்கும் தெரியாது. தினமும் அனுப்புவார்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க," என்றாள் வரிச்சி. "என் குட்டிங்க பசியில இருக்கு. வால் இல்லாம தாவ முடியலை. யார்கிட்ட போனா வால் வெச்சு விடுவாங்க?"

வலை முழுக்க அதிர்ந்தது.

"டாக்டர் கவ்வரசு!"

"கண்ணை மூடிக்கிட்டு கவ்வரசு!"

"வேற யாரு? கவ்வரசுதான்!"

டாக்டர் கவ்வரசு ஒரு நண்டு. மதகுக்கு அடியில் வளை. வளையின் வாசலில் மின்மினிகள் மொய்த்துக்கொண்டிருக்கும். அந்தக் காட்டில் ஒரு வைத்தியரைப் பிடித்துப்போனால் அவர் வாசலில் ஐந்து மின்மினி விடுவார்கள்; பிடிக்காவிட்டால் ஒன்று. கவ்வரசு வாசலில் பகலிலேயே கண் கூசும்.

கௌளிமுத்து முதலில் பேசியது. "போன மழைக்கு என் வால் போச்சு. டாக்டர்கிட்ட ஓடினேன். ஒரு கிள்ளு, ஒரு சொட்டு பிசின், அவ்வளவுதான்! இப்பப் பாருங்க, பழசை விடக் கொழுகொழுன்னு! ச்சு ச்சு!"

பல்லி ச்சு ச்சு என்றால் சொன்னது சத்தியம் என்று எல்லாரும் நம்புவது வழக்கம். வரிச்சியும் நம்பினாள்.

"நானும் சொல்கிறேன்!" என்றார் தோகையப்பர். "மழை முடிந்ததும் என் தோகை மொத்தமும் கொட்டிப்போனது! கூசாமல் சொல்கிறேன், ஒரு சேவல் என்னைப் பெட்டைக்கோழி என்று நினைத்துப் பின்னாலேயே வந்தது! டாக்டர் கவ்வரசு ஒரு மதியம் முழுக்க என் பின்புறத்தைக் கிள்ளினார். கோடை வருவதற்குள் தோகை! அதே நீளம்! அதே கண்கள்!"

"க்ராக்! என் கதையைக் கேளும்மா!" என்றது தொந்தியப்பன் தவளை. "சின்ன வயசுல எனக்கு வால் மட்டும்தான். டாக்டர்கிட்ட போனேன். வாலை எடுத்துட்டு நாலு கால் வெச்சு விட்டார்! நாலு! நான் ஒண்ணுகூடக் கேக்கலை!"

"எனக்கும் அவர்தான்," என்றது நாகலிங்கம். அது ஓர் அரணை. "போன மாசம் டோக்கன் போட்டேன். வலியே தெரியலைங்க. என்ன ஒரு கை! எப்பப் போனேன், எப்ப வந்தேன், எதுவுமே ஞாபகம் இல்லை!"

அரணைக்கு ஞாபகம் இல்லாமல் போவது ஓர் அதிசயமா? இருந்தாலும் குழுவில் எல்லாரும் அதை வைத்தியரின் கைராசி என்றே எடுத்துக்கொண்டார்கள்.

அப்போது கரகரவென்று ஒரு புதுக்குரல் வந்தது. "ஒரு நிமிஷம். நான் கீரி. எனக்கு அவர் வெச்ச வால் மறுநாளே..."

டுப்! சிலந்தி ஓர் இழையைக் கடித்துத் துண்டித்தது. "கீரி நீக்கப்பட்டார்," என்று அறிவித்தது.

"குழுவின் விதி!" என்றார் தோகையப்பர். "நம்பிக்கை ஊட்டும் அனுபவம் மட்டும்!"

"அவர் என்ன சொல்ல வந்தார்?" என்றாள் வரிச்சி.

"மறுநாளே குணமாகிவிட்டது என்று சொல்ல வந்திருப்பார்."

"அப்ப ஏன் நீக்கினீங்க?"

"அது... விதி."

வரிச்சி யோசித்தாள். "ஈச்ச மரத்துல டாக்டர் தையல்நாயகி இருக்காங்களே. அவங்க எப்படி?"

வலையே சிலிர்த்தது.

"ஐயய்யோ!"

"அந்தம்மாவா!"

"ஒரே ஒரு மின்மினி!"

தையல்நாயகி ஒரு தூக்கணாங்குருவி. குளத்துக்கு மேலே சாய்ந்த ஈச்ச மரத்தில் கூடு. அவளுக்குக் கிடைத்த ஒற்றை மின்மினியைக் கூட்டுக்குள் களிமண்ணில் ஒட்டி விளக்காக வைத்திருந்தாள்.

"நான் போயிருக்கேன் அக்கா," என்றது கௌளிமுத்து. "வாலைப் பார்த்துட்டு, 'உனக்கு எதுக்குடா வைத்தியம், போய்த் தூங்கு'ன்னு துரத்திட்டாங்க! ஒரு மருந்து இல்லை, ஒரு கிள்ளு இல்லை!"

"என்னிடம் 'பொறுத்திரும், வரும்' என்றாள்!" என்றார் தோகையப்பர். "ஒரு மருத்துவர் பேசுகிற பேச்சா இது? ஒரு மின்மினி கொடுத்ததே அதிகம்!"

"சரிங்க. இன்னொரு சந்தேகம்," என்றாள் வரிச்சி. "பழைய வால் துண்டு என்கிட்டயே இருக்கு. அதையே தைக்க முடியுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். (இது நான் சொன்ன சிரிப்பு இல்லை. அது வேறு. பொறுங்கள்.)

"பழைய வாலை யாராவது வெச்சுக்குவாங்களா?" என்றது கௌளிமுத்து. "தூக்கிக் கீழ போடுக்கா! அது கிடந்து துடிக்கும். பூனை அதை வேடிக்கை பாக்கும். அந்த கேப்புல நீ ஓடிடலாம். நாங்கல்லாம் அப்படித்தான்!"

வரிச்சி கூட்டிலிருந்து வாலை எடுத்துக் கீழே போட்டாள். அது துடிக்கவில்லை. சும்மா கிடந்தது.

"துடிக்கலையே தம்பி?"

"புது இடம்ல? கூச்சப்படுது."

விர்ரென்று ஒரு குருவி இறங்கியது. வாலைக் கவ்விக்கொண்டு வரிச்சியின் முன்னால் வந்து உட்கார்ந்தது. தையல்நாயகிதான். கோபத்தில் தலை இறகெல்லாம் சிலிர்த்திருந்தது.

"ஏண்டி! இதை யாரு குப்பையில போட்டது?"

"நான்தான் அக்கா. புதுசு முளைக்கப் போகுதே."

"முளைக்குமா? உனக்கா? யாருடி சொன்னா?"

"குழுவுல சொன்னாங்க."

"அந்தக் குழுவுல அணில் யாராவது இருக்கா?"

"அணில் இல்லை. ஆனா எல்லாருக்கும் வால் போன அனுபவம் இருக்கு!"

தையல்நாயகி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இதை என் கூட்டுல ஈரக் களிமண்ணுல செருகி வைக்கிறேன். ஈரம் இருக்கற வரைக்கும் தைக்கலாம். தைச்சா கொஞ்சம் கோணலாத்தான் இருக்கும், வலிக்கும், ஆனா தாவலாம். மண்ணு காய்ஞ்சுட்டா இது வெறும் துடைப்பம். அதுக்குள்ள புத்தி வந்தா வா!"

சொல்லிவிட்டு வாலோடு பறந்துபோனாள்.

"பாத்தியா?" என்றது கௌளிமுத்து. "ஆள் பிடிக்குது! கோணலா இருக்குமாம், வலிக்குமாம்! நம்ம டாக்டர் இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருப்பாரா?"

வரிச்சி மதகுக்குப் போனாள்.

வாசலில் ஒரு கூழாங்கல் குவியல். அதுதான் டோக்கன். ஒரு கல்லை எடுத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். உள்ளே போனதும் டாக்டர் கல்லைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அப்புறம்தான் கிள்ளுவார்.

"வாம்மா, உள்ள வா. இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கம். அந்தப் பக்கம் இல்லை, இந்தப் பக்கம்," என்றார் டாக்டர் கவ்வரசு. அவர் நேராக நடக்கவும் மாட்டார், நேராகப் பேசவும் மாட்டார். "அதாவது, வால்ங்கறது ஒரு வகையில பார்த்தா, இன்னொரு வகையில பார்த்தா, பொதுவா எப்படின்னா... நல்லா வரும்."

"என் மாதிரி அணிலுக்கு வெச்சிருக்கீங்களா டாக்டர்?"

"உடம்புன்னா எல்லாம் உடம்புதாம்மா! என் கையைப் பாரு. இந்தப் பெரிய கையை ஒரு கொக்கு பிடுங்கிட்டுப் போச்சு. எனக்கு நானே வைத்தியம் பார்த்துக்கிட்டு, வளைக்குள்ள படுத்துட்டேன். ஓட்டைக் கழட்டிட்டு வெளிய வந்தா, கை இருக்கு! போனது வரும்மா. இது என் சொந்த அனுபவம்!"

நண்டு பொய் சொல்லவில்லை. அதுதான் சங்கடம். பொய் சொன்னால் முகத்தில் தெரிந்திருக்கும்.

டாக்டர் பக்கத்துத் தினைப்புனத்திலிருந்து முற்றிய கதிர் ஒன்றை வெட்டி வந்தார். பார்க்க அச்சு அசல் அணில் வால்! அதே நீளம், அதே புசுபுசு.

"இதை ஊன்றி விடறேன். பதியம் போட்ட மாதிரி. இதுக்கு அடியில உன் சொந்த வால் முளைக்கும். முளைச்சதும் இது உதிர்ந்துடும். காலையும் சாயங்காலமும் தண்ணி ஊத்து."

"வலிக்குமா டாக்டர்?"

"சேச்சே."

"ஆஆஆ!"

அந்த அலறலில் மதகு லேசாக அதிர்ந்தது. வேலம்பிசின் காய்ந்ததும், வரிச்சி பின்னால் திரும்பிப் பார்த்தாள். கண் நிறைந்தது. வால்!

"போட்டாச்சு!" என்று இழையைத் தட்டினாள்.

"வாழ்த்துகள்!"

"அள்ளுது அக்கா!"

"சூப்பர்! க்ராக்!"

தாமரைக்காரர் இன்னொரு தாமரை அனுப்பினார்.

"மின்மினி விட்டுட்டியா?" என்றது கௌளிமுத்து.

"இன்னும் தாவியே பாக்கலையே தம்பி."

"தாவறது அப்புறம்கா! மனசு நிறைஞ்சிருக்கறப்பவே விட்டுடணும். ஆறிட்டா வராது."

வரிச்சி ஐந்து மின்மினிகளைப் பிடித்து மதகு வாசலில் விட்டாள். அடுத்து யாராவது வால் இல்லாமல் வந்து கேட்டால், அந்த வெளிச்சத்தில் அவளுடைய பங்கும் சேர்ந்து கண்ணைக் கூசவைக்கும்.

மறுநாள் பொழுது விடிந்தது. வரிச்சி கிளை நுனிக்குப் போய் உடம்பைக் குறுக்கிக்கொண்டாள். எதிரே நாவல் மரம். மேலே மூன்று குட்டிகள். "தாவும்மா! தாவும்மா!"

அப்போது நாவல் மரத்தில் ஒரு கிளி இன்னொரு கிளியிடம் கேட்டது.

"ஏய், அங்க பாரு! புளியமரத்துல தினை காய்ச்சிருக்கு!"

"தினைக்கு ஏண்டி நாலு கால்?"

"இருந்துட்டுப் போகட்டும். தினை, தினைதானே!"

கீக்கீக்கீ! கிளிக்கூட்டம் பாய்ந்து வந்தது. வரிச்சி மேலே ஓடினாள், கீழே ஓடினாள், கிளையைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். வால் எங்கே போனதோ அங்கே கிளிகள் போயின. வால் அவள் பின்னாலேயே போனது. அதுதானே வாலின் வேலை!

"விடுங்கடி! இது என் வால்!"

"பொய் சொல்லாதக்கா! வாலுக்கு இந்த ருசி வராது!"

ஒருவழியாகக் கூட்டுக்குள் நுழைந்து பதுங்கினாள். பாதிக் கதிர்தான் மிச்சம். மூச்சு வாங்க உட்கார்ந்தவளுக்குப் பின்னால் மொறுமொறுவென்று சத்தம் கேட்டது. திரும்பினாள்.

மூன்று குட்டிகளும் வரிசையாக உட்கார்ந்து வாலைத் தின்றுகொண்டிருந்தன.

"அம்மா," என்றது கடைக்குட்டி, வாய் நிறையத் தினையோடு. "உன் பழைய வாலை விட இது நல்லாருக்கு!"

வரிச்சிக்கு அடிக்கக் கை வரவில்லை. நேற்றிலிருந்து அவை தின்ற முதல் சாப்பாடு அதுதான். தின்னட்டும் என்று முதுகைத் திருப்பிக் காட்டி உட்கார்ந்தாள். கடைசியில் ஒரு காம்பு மட்டும் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

ஈச்ச மரத்துக் கூட்டில் களிமண்ணின் ஓரம் வெளுக்கத் தொடங்கியிருந்தது.

வரிச்சி இழையைத் தட்டினாள். "எல்லாருக்கும் வணக்கமுங்க. என் வாலைக் கிளி தின்னுடுச்சு. மிச்சத்தைக் குட்டிங்க தின்னுடுச்சு."

தாமரைக்காரர்கூட ஒன்றும் அனுப்பவில்லை.

"தண்ணி ஒழுங்கா ஊத்தினியா?" என்றது தவளை.

"ஊத்தினேனே."

"நிறைய ஊத்தியிருப்ப. க்ராக்! அதான்."

"கிளி இருக்கற பக்கம் நீ ஏன்க்கா போன?" என்றது பல்லி.

"நான் மரத்துல இருக்கறவ. கிளியும் மரத்துல இருக்கு. நான் வேற எங்க போறது?"

"அம்மையீர்!" என்றார் தோகையப்பர், குரலைத் தாழ்த்தி. "நாங்கள் எல்லாரும் வாலோடு இருக்கிறோம். உங்களுக்கு மட்டும் வரவில்லை என்றால், குறை எங்கே இருக்கிறது என்று நீங்களே யோசியுங்கள். இதையெல்லாம் வெளியே சொல்ல வேண்டாம். புதிதாக வருகிறவர்கள் பயந்துவிடுவார்கள்."

சிலந்தி மெதுவாக நடந்து வந்து வரிச்சியின் இழைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. வாயைத் திறந்து வைத்துக்கொண்டது.

வரிச்சி சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள். எல்லாருக்கும் முளைத்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் முளைக்கவில்லை. அப்படியென்றால் தப்பு என்னுடையதுதான் என்று நினைத்துக்கொண்டாள். வெட்கத்தில் அந்தக் காம்பைக்கூடக் காலுக்கு இடையில் மறைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாம் அக்கா. நாங்க துணைக்கு வரோம்," என்றது கௌளிமுத்து. அது நல்ல மனசுள்ள பல்லிதான்.

அப்படியாக, அணில், பல்லி, மயில், தவளை என்று ஓர் ஊர்வலமே மதகுக்குக் கிளம்பியது. வழியில் ஈச்ச மரத்தைத் தாண்டும்போது மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏய் வரிச்சி! பாதிக்கு மேல காய்ஞ்சுடுச்சு!"

"காதுல வாங்காதக்கா," என்றது பல்லி. "நேரா நட!"

வரிச்சி காதில் வாங்காமல் நடந்தாள். உச்சி வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

மதகு வாசலில் அவள் ஒரு கூழாங்கல்லை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். டாக்டர் கவ்வரசு வெளியே வந்து, பின்னால் குனிந்து பார்த்தார். கண் இரண்டும் குச்சியில் நீண்டன.

"அடடா! பதியம் பிடிக்கலை. இது ஒரு வகையில நல்ல அறிகுறி. இன்னொரு வகையில பார்த்தா... இந்தத் தடவை கம்பங்கதிர் வெச்சுப் பாத்துடலாம்! கிள்ளு மட்டும் கொஞ்சம் அழுத்தமா இருக்கும்."

வரிச்சி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். கல்லை நீட்டினாள். டாக்டர் கொடுக்கைத் திறந்தார்.

"வணக்கம்! வணக்கம்! மன்னிக்கணும்!"

புல்லை விலக்கிக்கொண்டு யாரோ அரக்கப்பரக்க ஓடி வந்தார்கள். நாகலிங்கம் அரணை. ஒரு கையில் ஒரு கூழாங்கல்.

"டாக்டர், தப்பா நினைச்சுக்காதீங்க! போன மாசம் வால் போனப்ப டோக்கன் எடுத்தேன். எடுத்துட்டு வீட்டுக்குப் போனேனா, அப்படியே வர மறந்துட்டேன்! இப்ப படுக்கையை உதறினா உள்ளேயிருந்து கல்லு விழுது! அப்பத்தான் ஞாபகமே வந்துச்சு. கொஞ்சம் வாலை ஒட்டி விடுங்க."

டாக்டர் கவ்வரசு அவரை முன்னாலும் பார்த்தார், பின்னாலும் பார்த்தார்.

"யோவ், உனக்குத்தான் வால் இருக்கே!"

"எங்க?"

"பின்னாடி!"

நாகலிங்கம் திரும்பிப் பார்த்தார். வழவழவென்று, நீளமாக, ஒரு வால் இருந்தது. அவர் அதற்கு வணக்கம் வைக்காத குறை.

"அட! இதை யாரு வெச்சது?"

"யாரு வெப்பா? நான்தான் வெச்சிருப்பேன்."

"அப்படிங்களா? ரொம்ப நன்றிங்க," என்று நாகலிங்கம் புறப்பட்டார். நாலு அடி போய் நின்றார். கையைப் பார்த்தார். "அப்ப இந்தக் கல்லு ஏன் இன்னும் என்கிட்ட இருக்கு? நீங்கதான் கல்லை வாங்கிட்டுக் கிள்ளுவீங்களே?"



டாக்டர் எந்தப் பக்கமும் நகரவில்லை. தவளை குனிந்து தன் நாலு காலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தது. தோகையப்பர் தோகையை மெதுவாக இறக்கிப் பின்புறத்தை மூடிக்கொண்டார்.

"அப்படியென்றால்," என்றார் அவர். மேடைக்குரல் எங்கேயோ போய்விட்டிருந்தது. "அந்த மதியம் முழுக்க நான் பட்ட கிள்ளு?"

வரிச்சி ஒரு கண்ணைத் திறந்தாள். பிறகு இன்னொன்றைத் திறந்தாள். நீட்டிய கல்லைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"தம்பி கௌளிமுத்து."

"சொல்லுக்கா."

"போன மழைக்கு முன்னாடியும் உன் வால் போயிருக்கா?"

"எத்தனையோ தடவை போயிருக்குக்கா! கதவிடுக்குல ஒண்ணு, காக்கா வாயில ஒண்ணு, சும்மா பயத்துல ஒண்ணு..."

"அப்பல்லாம் யாரு வெச்சு விட்டது?"

"அப்ப டாக்டரே பொறக்கலைக்கா. அதுவா வந்து..."

பல்லி வாயை மூடிக்கொண்டது. ஆனால் நேரம் கடந்துவிட்டது.

வரிச்சி பல்லியின் வாலைப் பார்த்தாள். அரணையின் வாலைப் பார்த்தாள். மயிலின் தோகையையும், தவளையின் காலையும், நண்டின் பெரிய கையையும் பார்த்தாள். கடைசியாகத் தன் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த தினைக்காம்பைப் பார்த்தாள்.

"உங்களுக்கெல்லாம்," என்றாள், ஒவ்வொரு சொல்லாக, "அது தானாவே முளைக்கும்!"

கௌளிமுத்து எவ்வளவோ அடக்கிப் பார்த்தது. முடியவில்லை.

"ச்சு ச்சு!"

அப்போது வந்தது அந்தச் சிரிப்பு. முதலில் மூக்கு வழியாகக் கொஞ்சம். பிறகு வயிற்றிலிருந்து. வரிச்சி மல்லாந்து விழுந்து, நாலு காலையும் ஆட்டி ஆட்டிக் கீச்சுக் கீச்சென்று சிரித்தாள். நாவல் மரத்துக் கிளிகள் அலறிப் பறந்தன. பழம் பொலபொலவென்று கொட்டியது. ஒரு பழம் சரியாகப் பூனையின் மூக்கில் விழ, அது பயந்து பனங்காட்டுப் பக்கம் ஓடிப்போனது. "பழம்!" என்று கத்திக்கொண்டு புளியமரத்திலிருந்து குட்டிகள் இறங்கி வந்தன.

"அம்மையீர், இதைக் குழுவில் சொல்லிவிடாதீர்கள்!" என்றார் தோகையப்பர்.

வரிச்சி எழுந்தாள். வாசலில் தான் விட்ட ஐந்து மின்மினிகளையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டாள். பிறகு மேலே பார்த்துக் கத்தினாள்.

"அக்கா! மண்ணு முழுக்கக் காய்ஞ்சுடுச்சா?"

"நடுவுல மட்டும் ஈரம் இருக்கு!" என்றது ஈச்ச மரம். "கேள்வி கேட்டுட்டு நிக்காத! ஓடி வாடி!"

மின்மினிகளை வாயில் அடக்கிக்கொண்டு, காம்பு ஒரு பக்கம் ஆட, வரிச்சி ஓடினாள்.

தானாகவே வால் முளைக்கிறவர்கள் புகழும் வைத்தியரால் வால் முளைக்காதவருக்குப் பயன் இல்லை என்பதால், எந்த வைத்தியர் நல்லவர் என்று கேட்பதற்கு முன், பதில் சொல்கிறவர் நம்மைப் போன்றவர்தானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.